முதலில் ஏறி, கடைசியில் இறங்கியவளுக்கு

இன்று காலை வண்டிக் கதவைத் திறந்ததும் அத்தர் வாசனை முகத்தில் அடித்தது. வெள்ளிக்கிழமை. ஜாஃபர் பாய் நம் ரூட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார் என்று அவர் முகத்தைப் பார்க்காமலே தெரிந்தது. மகள் கல்யாணம், முதுகுவலி, நடுவில் வேறு கம்பெனி வண்டி என்று ஒரு வருஷமாக அவர் இந்தப் பக்கம் வரவில்லை. நான் ஏறி உட்கார்ந்து சீட் பெல்ட்டைத் துழாவிக்கொண்டிருந்தபோது அவர் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்து, "மௌலாலி மேடம், ஏசி கம் கரூ க்யா?" என்று, ஏசியைக் குறைக்கவா எனக் கேட்டார்.

சட்டென்று திரும்பிவிட்டேன். கழுத்து சுளுக்கிக்கொண்டது, அதுதான் மிச்சம். ஜன்னலோரம், உன் இடத்தில், ஸ்வப்னா உட்கார்ந்திருந்தாள்.

உனக்கு அவளைத் தெரியாது. திங்கட்கிழமைதான் நம் ஆபீசில் சேர்ந்தாள். இரண்டு பிள்ளைகள். அவர்களுக்காக வேலையை விட்டிருந்தவள், இப்போது மறுபடி வந்திருக்கிறாள். மௌலாலியில் உன் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. "பர்வாலேது பாய்" என்று, பரவாயில்லை என்பதைத் தெலுங்கில் சொல்லிவிட்டு துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஜாஃபர் பாய்க்கு நம் பெயர்கள் என்றைக்குமே தெரியாது. ஏறுகிற இடம்தான் பெயர். நான் மெட்டுகூடா சார், ஸ்ரீநிவாஸ் சனத்நகர் சார், நீ மௌலாலி மேடம். நீ போன அன்று உன் வீட்டு வாசலில் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றவர்தான் அவர். ஆனாலும் மௌலாலியில் ஏறுகிற பெண் அவருக்கு மௌலாலி மேடம். இதில் அவர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. இருந்தும் எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் பேகம்பேட்டை வரை ஜன்னலுக்கு வெளியே முறைத்துக்கொண்டே வந்தேன்.

இப்போது மாதாப்பூர் ஆபீசில், வேலை செய்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். திரையின் பாதியில் இந்த மடல். மறு பாதியில் ஸ்ரீநிவாஸ் அனுப்பிய மாற்றம், என் ஒப்புதலுக்காகத் திறந்து கிடக்கிறது. சாயங்காலத்துக்குள் நான் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் நீ எழுதிய அந்தச் சில வரிகள் அழிந்துவிடும். காலையிலிருந்து மூன்று தடவை எழுந்து தண்ணீர் பிடித்துவிட்டேன். எனக்குத் தாகமே இல்லை.

ஸ்ரீநிவாஸிடம் நான் எதையாவது சொல்லியாக வேண்டும். அவனிடம் வாய் திறந்தால் எனக்குக் குளறும், கத்திவிடுவேன். அதனால் உன்னிடம் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். பொறுத்துக்கொள்.

நாம் செய்வது ஆபீஸ் வண்டிகளுக்குப் பட்டியல் போடும் மென்பொருள். காலையில் யாரை முதலில் ஏற்றுவது, யாரைக் கடைசியில் ஏற்றுவது என்று ஒரு வரிசை. தூரத்தில் இருப்பவர் முதலில் ஏறுவார். நம் வண்டியில் மௌலாலியில் நீ, பிறகு மெட்டுகூடாவில் நான், பிறகு செகந்திராபாத், பேகம்பேட்டை எல்லாம் தாண்டி சனத்நகரில் ஸ்ரீநிவாஸ். சாயங்காலம் அதையே திருப்பிப் போட்டால் போதும், இறங்குகிற வரிசை வந்துவிடும். சி பிளஸ் பிளஸில் அதற்கென்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். அந்த மொழியோடு வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் அதற்கான கட்டளை தயாராக இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்று இருக்கிற வரிசையையே தலைகீழாக்கும். இன்னொன்று, ரிவர்ஸ் காப்பி, இருக்கிற வரிசையைத் தொடாமல் அதன் நகலை வேறோர் இடத்தில் பின்னாலிருந்து முன்னாக எழுதிவைக்கும்.

நீ முதல் தடவை தப்பானதை எடுத்தாய்.

அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. நம் மென்பொருளை முதலில் நம் வண்டிகளில்தான் ஓட்டிப் பார்ப்போம். தப்பு நடந்தால் நாமே நடுரோட்டில் நிற்போம். சாயங்காலம் எல்லாரும் ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்தோம். நீ பெருமையாக வேறு இருந்தாய். மறுநாள் காலை வண்டி முதலில் சனத்நகருக்குப் போய்விட்டது. நீ மூல வரிசையையே திருப்பிவைத்துவிட்டாய் அல்லவா, அதனால் காலைப் பட்டியலும் கவிழ்ந்துகிடந்தது. ஸ்ரீநிவாஸ் பல்கூடத் துலக்காமல் ஏறினான். அவனை இழுத்துக்கொண்டு வண்டி மெட்டுகூடா வந்தது. பிறகு உன்னிடம் வந்தது. பிறகு நம் மூவரையும் ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பி, சனத்நகரில் ஸ்ரீநிவாஸின் வீட்டு வாசலைத் தாண்டி மாதாப்பூர் போனது. அவனுடைய அம்மா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். போன மகன் அதே வண்டியில் மறுபடி வாசலைக் கடப்பதைப் பார்த்து வாளியோடு அப்படியே நின்றார். நீ சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டாய்.

"அசலைத் திருப்பிட்டேன்யா. நகலைத்தான் திருப்பிருக்கணும்" என்று அன்று முழுக்க எல்லாரிடமும் நீயே சொல்லிக்கொண்டு திரிந்தாய். ஒளிக்கவே தெரியாது உனக்கு.

மாற்றி எழுதினாய். அதுவும் ஒரே அடியில் சரியாக வரவில்லை. ரிவர்ஸ் காப்பி தானாக இடம் உண்டாக்கிக்கொள்ளாது. எத்தனை பேரை எழுதப்போகிறதோ அத்தனை இடத்தை நாம் முன்னாலேயே விட்டுவைக்க வேண்டும். நீ காலிப் பட்டியலைக் கொடுத்துவிட்டாய். அது எங்கோ போய் எதன்மேலோ எழுதிவைத்து மொத்தத்தையும் கவிழ்த்தது. அன்றிலிருந்து உனக்கு ஒரு பேச்சு வந்துவிட்டது. டிபன் டப்பாவில் சாதம் அடைத்திருந்தால்கூட, "இடம் இருக்கான்னு பாத்தியா மொதல்ல?" என்பாய்.

இதுவரை ஸ்ரீநிவாஸுக்கும் தெரியும். இதற்குப் பிறகு நடந்ததுதான் அவனுக்குப் புரியவில்லை. அவன்மேல் தப்பில்லை. எந்த வரிசையில் போட்டாலும் சாயங்காலம் அவன்தான் முதலில் இறங்குவான். மிச்சப் பாதை எப்படியிருக்கும் என்று அவன் பார்த்ததில்லை.

எழுந்து போய்விட்டு வந்தேன். கீழே டீ குடித்தேன். டீ ஆறிப்போயிருந்தது, கடைக்காரரிடம் சண்டை போட்டேன். இதற்கு முன் அவரிடம் சண்டை போட்டதேயில்லை.

எங்கே விட்டேன்? பட்டியல் சரியாகிவிட்டது. லைப்ரரி சொன்னதைச் சொன்னபடி செய்தது. முதலில் ஏறியவள் கடைசியில் இறங்கினாள். நான் மெட்டுகூடாவில் இறங்கிவிடுவேன். நீ அதற்கப்புறம் மௌலாலி வரை தனியாகப் போவாய். கதவைச் சாத்தும்போது தினமும் நீ போனை எடுத்துக் காதில் வைப்பாய். "ஆ, அக்கா, மெட்டுகூடா தாண்டிட்டேன். ம்ம். பாலம் வந்ததும் சொல்றேன்." ரயில்வே பாலத்துக்குக் கீழே அந்த வளைவு இருக்கிறதே, கடையும் கிடையாது, விளக்கும் பாதி நாள் எரியாது. குளிர்காலத்தில் ஏழு மணிக்கே கும்மிருட்டாக இருக்கும். நான் வீட்டுப் படியேறிக்கொண்டே, இவளுக்கு ஒரு வாயாடி அக்கா இருக்கிறாள்போல என்று நினைத்துக்கொள்வேன். அதற்குமேல் நினைத்ததில்லை.

பிறகு ஒருநாள் மீட்டிங்கில் நீ எழுந்தாய். கடைசியாக இறங்குவது பெண்ணாக இருந்தால், அவளுக்கு முன்னால் இறங்கும் ஆண் ஒருவரைப் பட்டியலின் கடைசிக்கு நகர்த்த வேண்டும் என்றாய். அப்போதிருந்த மேனேஜர், எல்லா இடத்திலும் முதலில் ஏறுபவர்தானே கடைசியில் இறங்குகிறார், வழியைச் சுற்றவிட்டால் டீசல் யார் கொடுப்பது என்று கேட்டார். நீ இங்கிலீஷில்தான் பதில் சொன்னாய், எனக்கு என்னவோ தமிழில்தான் நினைவிருக்கிறது. "லைப்ரரிக்கு அது கடைசி இடம், அவ்வளவுதான். அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன் சார்."

அடுத்துப் பேசியவன் நான்தான். "அப்படின்னா என் வீட்டைத் தாண்டி மௌலாலி போய், உன்னை இறக்கிவிட்டு, நான் மறுபடி திரும்பி வரணுமா?" என்றேன். "ஹவ்" என்றாய், ஆமாம் என்று, கொஞ்சங்கூட அசையாமல்.

எவ்வளவு எரிச்சல் வந்தது எனக்கு! அரை மணி நேரம். தினமும். என் மகள் மீனு அப்போது சின்னக் குழந்தை, பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முதல் நாள் வண்டி எங்கள் தெருமுனையில் நிற்காமல் போனபோது அவள் கை ஆட்டியது தெரிந்தது. என் வீட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டே என் வீட்டைக் கடந்து போனேன். ஸ்ரீநிவாஸ் அன்று காலை பட்ட அவமானம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் வாயே திறக்காமல் உர்ரென்று உட்கார்ந்திருந்தேன்.

"கைக்கு? எதுக்கு இவ்ளோ மூஞ்சியத் தூக்கற? நானா உன் வீட்டை மெட்டுகூடால கட்டச் சொன்னேன்?" என்றாய்.

"அரை மணி. போக, வர."

"உன் வீடு எங்கியும் ஓடிப்போகாது. பேசிட்டு வாயேன்."

பேச என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பாலம் வந்தது. சும்மா இருக்க முடியாமல்தான் கேட்டேன். "இன்னைக்கு அக்காவுக்கு போன் பண்ணலையா?"

"எந்த அக்கா?"

"தினமும் பேசுவியே. பாலம் தாண்டிட்டேன்னு."

நீ சிரிக்க ஆரம்பித்தாய். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாய். "எனக்கு ரெண்டு தம்பிங்கதான்யா. அக்காவே கெடையாது."

"அப்ப போன்ல யாரு?"

"யாரும் இல்ல. போனே ஆஃப்ல இருக்கும் பாதி நாளு."

"அப்ப யார்கிட்டதான் பேசின?"

"ட்ரைவர்கிட்ட" என்றாய். "எனக்காக ஒருத்தி காத்துட்டிருக்கான்னு அவர் காதுல விழணும் இல்ல?"

ஜாஃபர் பாய்க்குத் தமிழ் தெரியாது. ஆனால் அக்கா, போன் என்ற இரண்டு சொல்லே அவருக்குப் போதுமாயிருந்தது. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மேடம் அகேலே ரஹே தோ மேரேகு பி டென்ஷன் ரஹேதா சாப்" என்றார். நீ தனியாக இருந்தால் அவருக்கும் உள்ளுக்குள் பதற்றம்தானாம். வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறினாலும், இந்த அம்மா என்ன நினைப்பாளோ என்று இருக்குமாம். அவரையே நீ சந்தேகப்பட்டாய் என்று அவர் வருத்தப்படவில்லை. நீயும் மன்னிப்புக் கேட்கவில்லை. "பாய் நல்லவரு. ஆனா தெனம் பாயே வரமாட்டாரே" என்றாய் என்னிடம்.

அதற்குப் பிறகு என் எரிச்சல் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். மழைக்காலத்தில் பாலத்தடியில் தண்ணீர் தேங்கி வண்டி நின்றபோதெல்லாம் உன்னைத் திட்டினேன். நீ வழியில் வாங்கிய சுட்ட சோளத்தில் பாதியை ஒடித்து என் பக்கம் நீட்டுவாய். திட்டிக்கொண்டே தின்பேன். உன் தம்பி கல்யாணத்தில் வந்த சண்டை, உன் அப்பா ரயில்வே பணிமனையில் இருந்தபோது வாங்கிய சைக்கிளை இன்னும் விற்கவிடாமல் இருப்பது, நீ கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப்போவதாக வருஷா வருஷம் சொன்னது, எல்லாம் அந்தப் பாதையில் கேட்டதுதான். ஆபீசில் நமக்குள் வேலைப் பேச்சைத் தவிர ஒன்றும் கிடையாது. எனக்கு யாரோடும் அப்படிப் பேசிப் பழக்கமும் கிடையாது. கட்டாயத்தில் கிடைத்த சிநேகிதம் அது.

வயிற்று வலி என்று இரண்டு நாள் லீவு போட்டாய். அந்த லீவு நீண்டுகொண்டே போனது. செகந்திராபாத் ஆஸ்பத்திரியில் உன்னை வந்து பார்த்தபோது குச்சியாக மெலிந்திருந்த உன் மணிக்கட்டைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீதான் பேச்சை எடுத்தாய்.

"வண்டில என் சீட்டுல யாரு?"

"யாரும் இல்ல. பைய வெச்சுக்கறோம்."

"நக்கோ, வேணாம். பைய எடு. யாராவது ஒக்காரட்டும்." பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "ஆனா லிஸ்ட்ல இடம் விட்டு வை. இடம் இல்லாம காப்பி பண்ணா தெரியும் இல்ல?" என்றாய்.

"எங்கியோ போயி எழுதிடும்" என்றேன். சிரித்தாய். அதற்கப்புறம் நீ என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நான் வந்த மற்ற நாட்களில் நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.

உன்மேல் எனக்குக் கோபம், தெரியுமா? நேராகவே சொல்லிவிடுகிறேன். முதலில் ஏறியவள் கடைசியில்தானே இறங்க வேண்டும்? அதுதானே வரிசை? எனக்குப் பின்னால் இறங்க வேண்டியவள் எனக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டாய். அதன் பிறகு ஸ்வப்னா வரும்வரை காலையில் முதலில் ஏறியவன் நான். காலி வண்டியில் ஏறினேன். சாயங்காலம் நேராக என் வீட்டு வாசலில் இறங்கினேன். அந்த அரை மணி நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் சோபாவில் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து கொண்டிருந்தேன். மெதுவாகப் பழகினேன். மீனுவுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். நான் தமிழில் கேட்பேன், அவள் ஹிந்தியில் பதில் சொல்வாள். இப்போது அது அவளுடைய நேரம்.

இந்த இடத்தில்தான் ஸ்ரீநிவாஸின் மாற்றம் வருகிறது. இப்போது அவன்தான் எங்கள் டீமின் தலை. வண்டியில் கேமரா வந்துவிட்டது, அபாயப் பொத்தான் இருக்கிறது, அந்த விதி இனி எதற்கு என்கிறான். மென்பொருளை வாங்கிய கம்பெனிகளிலிருந்து ஆண்கள் புகார் எழுதுகிறார்களாம், வீட்டைத் தாண்டிக் கூட்டிப்போகிறார்கள் என்று. (நான் எழுதாத புகாரா?) "ரிவர்ஸ் காப்பி ஒரே வரி. அதோட நிறுத்திக்கலாம். சுத்தமா இருக்கும்" என்றான். வழக்கம்போல நம் வண்டியில் இந்தத் திங்கட்கிழமையிலிருந்து ஓட்டிப் பார்க்கிறார்கள். நான் இன்று ஒப்புக்கொண்டால் அடுத்த வாரம் எல்லாக் கம்பெனிகளுக்கும் போய்விடும். அந்தப் பகுதிக்கு நீ பொறுப்பாக இருந்தாய். உனக்குப் பிறகு என் தலையில் வைத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமைதான் ஸ்வப்னாவும் சேர்ந்தாள். மௌலாலியில் முதலில் ஏறி, மௌலாலியில் கடைசியில் இறங்குகிறாள். நான் இந்த வாரமும் மெட்டுகூடாவில் இறங்கி நல்ல பிள்ளையாக வீடு போய்ச் சேர்ந்தேன். எனக்கு உறைக்கவேயில்லை என்று சொல்ல மாட்டேன். உறைத்தது. கேமரா இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். மீனுவுக்குப் பரீட்சை என்றும் நினைத்துக்கொண்டேன்.

நேற்று சாயங்காலம் இறங்கிக் கதவைச் சாத்தப் போனேன். உள்ளே ஸ்வப்னா போனைக் காதில் வைத்தாள். "ஆ, அன்னய்யா, மெட்டுகூடா தாட்டேசாம்."

வண்டி போய்விட்டது. நான் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணனிடம் மெட்டுகூடா தாண்டிவிட்டதாகச் சொல்கிறாள், உலகத்தில் எத்தனையோ பேருக்கு அண்ணன் இருக்கிறான், அவர்கள் போன் செய்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன். இரண்டு தடவை தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். "க்யா ஹுவா பப்பா, டீக் ஸே பைட்டோ நா" என்றாள் மீனு. ஒழுங்காக உட்காரக்கூட முடியவில்லை என்னால்.

சாப்பாட்டு நேரம் முடிந்து வந்துவிட்டேன். ஸ்வப்னாவைப் பார்த்தேன். அவள் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "உங்க அன்னய்யா எங்க வேலை பார்க்கிறாரு?" என்று தெலுங்கில் கேட்டுவிட்டேன்.

அவள் கையிலிருந்த டப்பா நின்றது. என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். இவனிடம் சொல்லலாமா வேண்டாமா என்று பார்க்கிற பார்வை. "அன்னய்யா லேரு சார்" என்றாள். அண்ணன் இல்லை. "ஊரிகே. சும்மா அப்படிப் பேசறதுதான்." கொஞ்சம் வெட்கமாகச் சிரித்தாள். "ட்ரைவர்மேல தப்பில்ல சார். அந்தப் பாலத்துக்கிட்ட மட்டும் கொஞ்சம்..."

"ஆபீசுல சொல்லலாமே?"

"முதல் வாரமே புகார் சொல்ல முடியுமா சார்? இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் வேலை கிடைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு டப்பாவைத் திரும்பவும் கழுவினாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

உன்னைப் பற்றி அவளிடம் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ரிவர்ஸ் காப்பியில் இன்னொரு கட்டுப்பாடு உண்டே, மூலமும் நகலும் ஒன்றின்மேல் ஒன்று விழக் கூடாது, விழுந்தால் இரண்டும் கெட்டுப்போகும். அவள் அவளாக இருக்கட்டும். உன் இடத்தில் உட்கார்ந்த குற்றத்துக்காக அவள் உன் கதையையும் சுமக்க வேண்டாம்.

நேரே ஸ்ரீநிவாஸிடம் போனேன். நான் பயந்தபடி குளறத்தான் செய்தேன். கத்தவில்லை, அதுவரை பரவாயில்லை. "ஒப்புக்கமாட்டேன்" என்றேன்.

"காரணம்?"

"கேமரா நடந்ததைப் படம்பிடிக்கும். அவள் பக்கத்துல உட்காராது."

"ஒண்ணும் நடக்கலையேப்பா இதுவரைக்கும்."

"நீ சனத்நகர்ல இறங்கிடறே. நடக்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்? இல்லாத அண்ணன்கிட்ட ஒருத்தி பேசிட்டுப் போறா. அது நடந்ததுல சேர்த்தி இல்லையா?" பெயர் சொல்லவில்லை. சொல்லாமலே அவனுக்குப் புரிந்தது. இருப்பது மூன்று பேர்தானே வண்டியில். அவன் பேனாவை மேஜையில் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு, "நீகே லேட் அவுதுந்தி" என்றான். உனக்குத்தான் லேட்டாகும் என்று.

"தெரியும்."

"திங்கட்கிழமை மேலே பேசறேன். அவங்க என்ன சொல்றாங்களோ" என்றான். ஆனால் அங்கேயே என் முன்னால் நம் வண்டியின் சோதனையை நிறுத்தினான். இன்று சாயங்காலம் பழைய விதிதான். திங்கட்கிழமை சண்டை பாக்கியிருக்கிறது. நீ இருந்தால் எனக்குப் பதிலாக நீ போட்டிருப்பாய், என்னைவிட நன்றாகவும் போட்டிருப்பாய். நான் இடத்துக்கு வந்து, ஒப்புதல் மறுப்பு என்று அழுத்திவிட்டு, காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில், கடைசி இடத்தைப் பற்றி நீ மீட்டிங்கில் சொன்ன அந்தப் பதிலையே இங்கிலீஷில் எழுதினேன். 'நான்' என்பதை மட்டும் 'ஒருத்தி' என்று மாற்றினேன்.

மிச்சத்தை வண்டியில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் ரோட்டைத் திட்டு.

சனத்நகரில் ஸ்ரீநிவாஸ் இறங்கினான். எப்போதும் திரும்பிப் பார்க்காமல் போகிறவன், இன்று கதவைப் பிடித்துக்கொண்டு, ஜாக்கிரதை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனான். பாரடைஸ் சந்திப்பில் வழக்கமான நெரிசல். மெட்டுகூடா வந்தது. ஜாஃபர் பாய் பட்டியலைப் பார்த்தார், கண்ணாடியில் என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் மூன்றாம் கியரிலேயே போனார்.

"சார், மீ ஸ்டாப்!" என்று ஸ்வப்னா பதறினாள். "போயிடுச்சு சார், உங்க ஸ்டாப் போயிடுச்சு!"

"போகட்டும்மா. உங்களை விட்டுட்டு வரேன். பட்டியல் அப்படித்தான்."

"என்னாலயா சார்?" என்றாள்.

"இல்லம்மா. உங்களுக்கு முன்னாடியே எழுதினது" என்றேன். அது உண்மைதானே. அவளுக்காக யாரும் எதையும் புதிதாகச் செய்துவிடவில்லை. ஒருத்தி இடம் விட்டு வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

எங்கள் பால்கனியில் விளக்கு எரிந்தது. மீனு நின்றாளா என்று தெரியவில்லை. இந்த உயரத்துக்கு வளர்ந்தவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டாள். அடுத்த நிமிஷமே போன் வந்தது. "பப்பா, காடி தோ கயீ! ஆஜ் லேட் க்யா?" வண்டி நிற்காமல் போய்விட்டதே, இன்றைக்கு லேட்டா என்கிறாள்.

"ஹவ்" என்றேன். என் வாயில் உன்னுடைய அந்தச் சொல் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. "இனிமே தினமும் அரை மணி லேட்டு. கணக்கை எடுத்து வை, வந்துடறேன்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே வைத்துவிட்டாள். எனக்கும் முணுமுணுப்பு வந்தது. பசிக்கிறது. இந்த ஆள் ஏன் இவ்வளவு மெதுவாக ஓட்டுகிறார் என்று இருக்கிறது. நான் ஒன்றும் திருந்திவிடவில்லை, பயப்படாதே.

மெட்டுகூடா தாண்டியதும் ஸ்வப்னா போனைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். மாமியார் வீட்டில் மிக்ஸி ரிப்பேர் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். ஜாஃபர் பாய் எங்கே கொடுத்தால் சரிசெய்வார்கள் என்று கடையின் பெயரைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அவள் தூங்கிவிட்டாள். ஜன்னல் கண்ணாடியில் தலை மெல்ல மோதுகிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது. உன் இடத்தில் நீ ஒருநாளும் தூங்கியதில்லை.

இதோ வளைவு. விளக்கு இன்றைக்கும் எரியவில்லை. மேலே ஒரு ரயில் போகிறது. என் கையில் போன் வெளிச்சமாக இருக்கிறது, மறுமுனையில் யாரும் இல்லை. பாய் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறார். யாரோடு பேசுகிறேன் என்று அவர் கேட்கவில்லை.

பாலம் தாண்டிட்டோம்.